ரெண்டு வருஷம்னு சொன்னது டாக்டர் இல்ல

சரவணா,

சனிக்கிழமை நீ வர்றதுக்குள்ள இத எழுதி முடிச்சுடணும்னு உக்காந்திருக்கேன். வாட்ஸ்அப்புல பேசி அனுப்பலாம்னா, நீ பாதி கேக்கறதுக்குள்ளயே "இன்னா நைனா, உடம்பு எப்டி கீது"ன்னு போன் போட்டுடுவ. நேர்ல சொல்லலாம்னா, வூட்டுக்குள்ள நுழைஞ்சதும் என் கால அமுக்கி வீக்கம் எவ்ளோன்னு பாக்குற, வயித்தப் பாக்குற, மாத்திரை அட்டைய எண்ணுற. என் மூஞ்சியப் பாக்குறதுக்குள்ள ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆயிடுது, நீ கேளம்பாக்கம் பஸ்ஸப் புடிக்கக் கிளம்பிடுற. பத்தாவதோட நின்னவன் கையெழுத்து இது, தப்பு இருந்தா சிரிச்சுக்கோ. ஆனா கடைசி வரைக்கும் படி. நடுவுல எனக்கு போன் பண்ணாத.

சங்கதி உன் கல்யாணத்தப் பத்தி. தையில வச்சிருந்தத ஆவணிக்கு இழுத்துடலாம்னு நீயும் உங்கம்மாவும் உங்க பெரியப்பாவும் பேசி முடிச்சிருக்கீங்க. நான் தூங்குறேன்னு நெனச்சுகினு பக்கத்து ரூம்லதான் பேசினீங்க. எல்லாம் எனக்காகத்தானாம். நான் கண்ணால பாத்துட்டுப் போகணுமாம். கேட்டுகினே படுத்திருந்தேன். கோவம் வரணும், வரல. சந்தோஷம் வரணும், அதுவும் வரல. இந்த ரெண்டு மாசமா எனக்கு எதுவுமே வர்றதில்லடா. பல்லு புடுங்க ஊசி போட்டா வாய் ஒரு பக்கம் தன்னோடது மாதிரியே இருக்காதே, அப்படி மொத்த ஆளும் இருக்கேன். அதனால இத அழுதுகினு எழுதுறேன்னு நெனச்சுக்காத. அழுகை வந்தாத்தான் நல்லா இருக்கும்.

வைகாசி கடைசியில மாமல்லபுரம் ரோட்டுல நம்ம பழக்கடையில என்ன நடந்துச்சுன்னு நீ முழுசாக் கேட்டதில்ல. மத்தியானம், சீசன் முடியற நேரம், பத்து இருவது பழம்தான் பாக்கி. புதுச்சேரிப் பக்கம் போற கார் ஒண்ணு நின்னுது, ஒரு அம்மா எறங்கி தர்பூசணி கேட்டாங்க. குனிஞ்சு ஒரு பழத்த எடுத்துத் தட்டினேன். வயித்தப் பெரட்டிச்சு. அப்படியே தள்ளிப்போய் சாக்கு மேல வாந்தி எடுத்தேன். சிவப்பா, நெறைய. அந்த அம்மா பழம் வுழுந்து ஒடைஞ்சிடுச்சுன்னு நெனச்சு "பரவாயில்லைங்க, வேற எடுங்க"ன்னாங்க. தப்பு அவங்க மேல இல்ல. காலையில நாலு துண்டு துன்னிருந்தேன், நான்கூட பழம்னுதான் நெனச்சேன். ரெண்டாவது தடவ வந்தப்பதான் அது சூடா இருக்குன்னு தெரிஞ்சுது. அப்பவும் பயம் வரல. அந்த அம்மாவுக்கு நல்ல பழமா ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டு உக்காந்தேன். அவங்க கார்லயே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

தொண்டைக்குள்ள குழாய வுட்டு, வீங்கிப்போன ரத்தக்குழாய ரப்பர் வளையம் மாதிரி ஒண்ணப் போட்டுக் கட்டினாங்க. மூணாம் நாள் டாக்டரம்மா வந்து பக்கத்துல உக்காந்து சொன்னாங்க. ஈரல்ல தழும்பு வுழுறத ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் பிரிச்சு வச்சிருக்காங்களாம். நான் ஏழு வருஷம் முன்னாடியே நாலுல இருந்தேனாம். அந்த நாலுக்குள்ளயே ரெண்டு பாகம் இருக்காம். மொதல் பாகத்துல ஈரல் தழும்போட தாங்கிகினு வேலை பாக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது. ரெண்டாவது பாகத்துல தாங்காது. ரத்த வாந்தி, வயித்துல தண்ணி, கண்ணு மஞ்சள், சில நேரம் புத்தி தடுமாறும். நான் இப்ப ரெண்டாவதுக்கு வந்துட்டேனாம். இத்தனையும் கேட்டுட்டு நான் இன்னா கேட்டேன் தெரியுமா? இட்லி துன்னலாமான்னு கேட்டேன். நெசமாவே பசிச்சுது.

நீ அன்னிக்கு வராண்டாவுல நின்னு போன்ல 'நாலாவது ஸ்டேஜ்'னு தேடிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிகினு அழுதியே, அத நான் கண்ணாடி வழியாப் பாத்தேன். நீ புத்துநோய்க் கணக்க இதுல போட்டுட்ட. அதுல நாலுன்னா வேற. இதுல நாலுங்கறது ஒரு பெரிய வூடு மாதிரிடா. நான் அதுக்குள்ள ஏழு வருஷம் குடியிருந்தேன், வியாபாரம் பண்ணேன், உங்க அக்கா பாப்பாவ இஸ்கூலுக்குக் கொண்டுபோய் வுட்டேன். இப்ப பின்கட்டுக்கு வந்திருக்கேன். பின்கட்டுக்கு வந்த சில பேரு மறுபடி முன்கட்டுக்குப் போறதும் உண்டாம். சில பேரு அப்படியே பின்வாசல் வழியா வெளிய போயிடுவாங்களாம். எவ்ளோ நாள்னு கேட்டேன். டாக்டரம்மா சொன்னத அப்படியே எழுதுறேன், ஒரு எழுத்து கூட்டாம கொறைக்காம: "ஐயா, ஆறு மாசம்னும் சொல்ல முடியாது, ஆறு வருஷம்னும் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவை வரும்போதும் எப்படி இருக்கீங்கன்னு பார்த்துதான் சொல்ல முடியும்." ஈரல் மாத்தறதுக்குப் பேரு பதிஞ்சு வைக்கலாம்னாங்க, பதிஞ்சாச்சு. உன் ஈரல்ல ஒரு துண்டு குடுக்குறேன்னு நீ அன்னிக்கே குதிச்ச. இப்ப அந்த அளவுக்குப் போகலன்னு அவங்களே சொல்லிட்டாங்க. வேண்டி வந்தா நானே வாயத் தொறந்து கேப்பேன், வெக்கப்பட மாட்டேன். அதுவரைக்கும் பேசாம வேலைக்குப் போ.

'ஒரு எழுத்து கூட்டாம கொறைக்காம'ன்னு எதுக்கு எழுதினேன்னா, போன தடவ நான் அப்படிச் சொல்லல. இதத்தான்டா உன்கிட்ட சொல்லணும். ஏழு வருஷமா சொல்லாம இருந்தது இது ஒண்ணுதான்.

என் தொழில் உனக்குத் தெரியும். தர்பூசணிக் கொல்லைய நடந்து பாத்து, அங்கங்க பத்து இருவது பழத்தத் தட்டி, இதுல எத்தினி லோடு தேறும்னு அறுக்கறதுக்கு முன்னாடியே மதிப்பு சொல்லணும். எங்க மாமன் எனக்கு மொத நாள் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். பத்து லோடுன்னு மனசுல பட்டா ஏழுன்னு சொல்லு. கொறைச்சுப் புடிச்ச வியாபாரி கெட்டதில்ல. முப்பது வருஷம் அப்படியே பண்ணேன், ஒரு கொல்லையிலயும் கை சுட்டுக்கல. வெளிய தட்டினா உள்ள இருக்கறது எனக்குத் தெரியும்னு ஒரு திமிரு. ஏழு வருஷம் முன்னாடி குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு போனப்ப ரத்தத்துல எதுவோ கொறைச்சலா இருக்குன்னு ஸ்கேன் எடுத்தாங்க. ஈரல் சுருங்கி மேடும் பள்ளமுமா கெடக்குன்னாங்க. ஒரு சொட்டு குடிச்சதில்ல நான். சக்கரையும் கொழுப்பும் பண்ண வேலைன்னாங்க. ஊரே நம்பல, அத வுடு. அப்ப இருந்த டாக்டர் பெரியவரு, பொறுமையாத்தான் சொன்னாரு. இது எப்படிப் போகும்னு சொல்றது கஷ்டம், சில பேருக்கு ரெண்டு வருஷத்துல தொந்தரவு ஆரம்பிக்கும், சில பேரு பத்து பதினஞ்சு வருஷம் ஒண்ணும் இல்லாம ஓட்டுவாங்க, ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்துகினு இருங்கன்னாரு. தொந்தரவு ஆரம்பிக்கும்னுதான் சொன்னாரு. சாவுன்னு அவரு வாயில வரவே இல்ல.

வூட்டுக்கு வந்தேன். உங்கம்மா, பெரியப்பா, நீ, உங்க அக்கா வாணி நாலு பேரும் கூடத்துல நின்னீங்க. இன்னா சொன்னாருன்னு உங்கம்மா கேட்டா. "ரெண்டு வருஷம்னுட்டாரு"ன்னேன். பொய் சொல்றோம்னு நெனச்சு சொல்லல. ரெண்டுலேருந்து பதினஞ்சுன்னு ஒரு கொல்லைய எவனாவது காட்டினா, நான் ரெண்டுன்னுதான் மதிப்பு போடுவேன். வாய் தானாப் போட்டுடுச்சு. கொறைச்சுப் புடிச்சா நஷ்டம் இல்லன்னு முப்பது வருஷப் பழக்கம். என் ஆயுச நானே கொல்லை மாதிரி மதிப்பு போட்டுட்டேன். நஷ்டம் யாருக்கு வுழுந்துச்சுன்னு உனக்குத் தெரியும்.

உங்க அக்கா அப்ப நர்சிங் ரெண்டாவது வருஷம். பெரியப்பாதான் ஆரம்பிச்சாரு, ஆனா அவர்மேல போட மாட்டேன், தலையாட்டினது நான். நான் கண்ண மூடறதுக்குள்ள பொண்ண ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துடணும்னு எனக்கு வெறி. நாலே மாசம். திருக்கழுக்குன்றம் மண்டபத்துல தாலி ஏறிச்சு. டிராவல்ஸ் வண்டி ஓட்டுறாரு, நல்ல குடும்பம்னாங்க. ஒரு பழம் வாங்கறதுக்கு நாலு பழத்தத் தட்டிப் பாக்குறவன்டா நான், மாப்பிள்ளைய ஒரு தட்டு தட்டிப் பாக்கல. நேரம் இல்லன்னு நெனச்சேன். எனக்குத்தான் ரெண்டே வருஷமாச்சே. கல்யாணத்துக்கு அப்பால படிக்க வைப்பாங்களான்னு கேக்கத் தோணுச்சு, கேட்டா கலைஞ்சிடுமோன்னு வாய மூடிகினேன். "அப்பால படிச்சுக்குறேன் நைனா, இன்னா இப்ப"ன்னு அவளே சொன்னா. எனக்கு அது போதுமா இருந்துச்சு. அவங்க படிக்க வைக்கல. நாலாவது வருஷம் கைக்கொழந்தையோட அவ திரும்பி வந்ததும், அவ புருஷன் வேற ஒருத்தியோட குடும்பம் நடத்தப் போனதும் உனக்குத் தெரிஞ்ச கதை.

தெரியாதது என்னன்னா, அந்த ரெண்டு வருஷம் நான் எப்படி இருந்தேன்னு. தெனம் காலையில எழுந்ததும் இன்னிக்கான்னு பாப்பேன். ரெண்டு வருஷம் முடிஞ்ச அன்னிக்கு ஒண்ணும் ஆகல. நாஸ்தா துன்னுட்டு கொல்லைக்குப் போனேன். மூணாவது வருஷமும் போச்சு. சொந்தக்காரங்க கல்யாணத்துல எல்லாம் என்னப் பாத்து "இன்னா அண்ணாத்த, டாக்டரையே ஏமாத்திட்ட"ன்னு சிரிப்பானுங்க. நானும் கூடச் சிரிச்சேன். அந்தப் பெரியவரு பேரக் கெடுத்துகினு, அவரு சொல்லாதத சொன்னாருன்னு, அத்தன நாளும் சிரிச்சேன். பொண்ணு திரும்பி வந்த அன்னிக்குத்தான் சிரிப்பு நின்னுது. அன்னிக்கு உள்ள எதுவோ அடங்கிப்போச்சு. அதுக்கப்பறம் பெரிசா எதுவும் என்ன அசைக்கல.

இப்ப நீ பண்ணப் போறத நெனச்சுப் பாரு. நிவேதா வக்கீல் படிப்பு கடைசி வருஷம். தையின்னா பரீட்சையெல்லாம் முடிச்சுட்டு வருவா. ஆவணின்னா படிப்பு நடுவுல நின்னுடும். கல்யாணம் ஆகி நம்ம வூட்டுக்கு வந்தா, எனக்கு வாரம் ஒரு தடவ வயித்துல தண்ணி ஏறும், உப்பில்லாத சோறு தனியா ஆக்கணும், பேதி மருந்து குடிச்சுட்டு நான் ஓடுற ஓட்டத்துல பாத்ரூம் கழுவணும். உங்கம்மா வேணாம்னுதான் சொல்லுவா, ஆனா புது மருமவ பொஸ்தகத்த விரிச்சுகினு உக்காருவாளா? போன வாரம் அந்தப் பொண்ணு என்னப் பாக்க வந்தா. ஆவணிப் பேச்ச எடுத்தேன். "பரவாயில்ல மாமா, பரீட்சைய அப்பறம் எழுதிக்கலாம்"னா. சிரிச்சுகினே சொன்னா. நான் தலையணைய நேரா வச்சுகினு படுத்துட்டேன்.

பெரியப்பா சொல்றதும் எனக்குத் தெரியும். எனக்கு நேராவே சொல்லிட்டாரு: "இன்னாடா பேசிகினு கீற? தைக்குள்ள நீ பொசுக்குன்னு போயிட்டா கல்யாணம் ஒரு வருஷம் தள்ளும். அந்தப் பொண்ணு நிச்சயம் பண்ண நேரம் மாமனார முழுங்கிட்டான்னு ஊரே பேசும். யாருக்கு பேஜாரு?" அவரு சொல்றது தப்பில்ல, ஊரு பேசும். அதுக்குத்தான் இத எழுத்துல குடுக்குறேன். இந்த நோவு ஏழு வருஷம் முன்னாடியே நாலாவது கட்டத்துல இருந்துச்சு. நிவேதாவ நாம பொண்ணு பாக்கப் போனது போன வருஷம். நான் போனா என் ஈரலாலதான் போனேன், அந்தப் பொண்ணு நேரத்தால இல்ல. தைக்குள்ள போயிட்டா, காரியம் முடிஞ்சதும் தையிலயே கல்யாணத்த நடத்துங்க, வருஷம் தள்ள வேணாம். இது என் வார்த்தை. பதினாறாம் நாள் எல்லாரும் கூடியிருக்கப்ப இந்தப் பத்திய மட்டும் சத்தமாப் படி. பெரியப்பா பக்கத்துல நின்னு படி. தையில நான் உசுரோட மண்டபத்துல உக்காந்திருந்தா படிக்கத் தேவையில்ல. ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியாது. இந்தத் தடவ தெரியாதத தெரியாதுன்னே சொல்றேன்.

உனக்கு எழுதறதுக்கு முன்னாடி உங்க அக்காகிட்ட சொல்லிடணும்னு இருந்தேன். அதுக்கு ஒரு காரணமும் ஆச்சு. ஆஸ்பத்திரியில என் கையில ஊசி ஏத்த வந்த நர்சு, கட்டில் பக்கத்துல நின்ன வாணியப் பாத்து "ஏய் வாணி, நீயா?"ன்னுச்சு. எஸ்தர்னு பேரு, வாணியோட கூடப் படிச்ச பொண்ணு. வெள்ளை சட்டையில பேரு அட்டை குத்தியிருந்துச்சு. வாணி தான் வேலை பாக்குற மருந்துக்கடை கவுண்டர்லேருந்து நேரா வந்தவ, கையில என் துணிய தொவைக்க வச்சிருந்தா. ரெண்டு பேரும் சிரிச்சாங்க, பழைய கதை பேசினாங்க. அந்தப் பொண்ணு போனதும் வாணி என் ஊசி போட்ட கைய எடுத்து, குழாய் மடங்காம தலையணை மேல வச்சா. சரியாத்தான் வச்சா. ரெண்டு வருஷம் படிச்சாளே.

நேத்து காலையில அவ எனக்கு மருந்து ஊத்திக் குடுக்க வந்தப்ப சொல்லிட்டேன். வாணி, ரெண்டு வருஷம்னு சொன்னது டாக்டர் இல்லம்மா, நான்தான்னு. மூடிய திருவிகினே கேட்டா. கத்துவான்னு நெனச்சேன், கத்தினா தேவலன்னு இருந்துச்சு. "தெரியும் நைனா"ன்னா. எப்படின்னு கேட்டேன். நான் வந்து சொன்ன மறுநாளே அந்த ரிப்போர்ட்ட எடுத்துகினு போய் காலேஜ்ல அவங்க மேடத்துகிட்ட காட்டினாளாம். உங்கப்பாவுக்கு ஈரல் இப்ப தாங்கிகினுதான் இருக்கு, பல வருஷம் இருக்கலாம்னு மேடம் சொன்னாங்களாம். பின்ன ஏம்மா தலையாட்டினன்னு கேட்டேன். மருந்துப் பாட்டில அலமாரியில வச்சுட்டுத் திரும்பினா.

"நீ நாலு நாளா சோறு துன்னாம கெடந்த. நான் சரின்னதும்தான் ஒரு வாய் துன்ன. அதுக்கு மேல நான் இன்னா பண்ணட்டும்?"

அவ்ளோதான் சொன்னா, கடைக்கு நேரமாச்சுன்னு போயிட்டா. அந்த நாலு நாளும் எனக்கு நெனப்பே இல்லடா. சோறு துன்னது மட்டும் ஞாபகம் வந்துச்சு, கத்திரிக்காய்க் கொழம்பு. நல்லா துன்னேன்.

நிவேதா வக்கீலுக்குப் படிக்கிற பொண்ணு. நாலுன்னா என்ன, ரெண்டாவது பாகம்னா என்னன்னு அவளும் தேடிப் படிச்சிருப்பா. தெரிஞ்சுகினுதான் சரின்னு சொல்லியிருப்பா. அந்தச் சரிய நீ வாங்கிக்காத. மறுபடி கேட்டா மறுபடியும் சரின்னுதான் சொல்லுவா, அதனால கேக்காத. தைன்னு நீயே சொல்லிட்டு சனிக்கிழமை வூட்டுக்கு வா. அதுக்கு நடுவுல நான் சோறு துன்றேனா துன்னலையான்னு யாரும் அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லக் கூடாது.